பாதியில் நின்ற மெட்டு

எனக்கு ஒரு மெட்டுக்கும் இன்னொரு மெட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கொனமாராக் கரையில் பிறந்த ஒருத்தி இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துச் சத்தமாகப் பேச ஆரம்பிப்பார்கள். காது நன்றாகவே கேட்கும். எஞ்சினில் ஒரு வால்வு லேசாகத் தட்டினாலும் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவேன். பாட்டு மட்டும் உள்ளே வராமல் வாசலோடு நின்றுவிடும். எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, தங்கை எல்லோரும் வாசிப்பவர்கள். எனக்குப் படகு வந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருடம் ஜூன் கடைசியில் நடந்தது இது. இனிஷ்தூரா தீவில் வருடா வருடம் அந்த வாரத்தில் இசைவிழா. தீவின் வடமுனையில் படகுத்துறை. துறைக்கு மேலே மல்கெரின் மதுக்கடை. கடைக்கு வெளியே ஒரு நீளமான கற்சுவர். விழா என்றால் பெரும்பாலும் அந்தச் சுவர்தான். ஃபிடிலோ குழலோ அக்கார்டியனோ, கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு அதன் மேல் போய் உட்கார்ந்தால் ஆயிற்று. அந்த வருடம் புதிதாக டப்ளினிலிருந்து ஒரு ராக் குழுவையும் அழைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தென்முனைக் கால்பந்து மைதானத்தில் மேடை போட்டாகிவிட்டது. சனிக்கிழமை இரவு அந்தக் கச்சேரி.

தீவுக்குப் படகு ஓட்டுவது நான். பெயர் டெர்வ்லா. கயிறு பிடிக்கவும் டிக்கெட் கிழிக்கவும் என் கணவரின் தம்பி ஃபெஸ்டி. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கடைசி நடையில் முப்பது பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள். பாதிப் பேர் மடியில் வாத்தியப் பெட்டி. மேல்தளத்தில் ராக் குழுவின் மிச்ச ஸ்பீக்கர்கள், ஆளுயர அலமாரிகளைப் போலக் கறுப்பாக, சுக்கான் அறையைச் சுற்றி நின்றன. அவற்றோடு கிலியன் என்ற இளைஞன். அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். மற்றவர்கள் காலைப் படகில் போய்விட்டார்கள், இவன் தூங்கிவிட்டானாம்.

அவன் பெட்டிகளைக் கட்டும்போது ஒரு பெண்ணின் வாத்தியப் பெட்டியை மிதித்துவிட்டான். அவள் பெயர் ஹானரா. கிளேர்ப் பக்கம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், கான்செர்டினா வாசிப்பவள். கான்செர்டினா என்பது இரண்டு கைக்குள் அடங்குகிற சின்னத் துருத்திப் பெட்டிதான். ஆனால் அவள் அதைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினாள்.

"என்னப்பா இது, வீட்டையே காலி பண்ணிட்டு வர்றியா?"

"ஸ்பீக்கருங்க. மன்னிச்சுக்கோங்க, கவனிக்கல."

"இத்தன பெரிசா? யாருக்கு, செத்தவங்களுக்கா வாசிக்கப் போற?"

"ஆயிரம் பேருக்கு. நீங்க எத்தன பேருக்கு வாசிப்பீங்க?"

"பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கு. அதுவே அவன் குளிச்சிட்டு வந்திருந்தாத்தான்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கிலியன் முகம் சிவந்து, தன் கிட்டாரைக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்தான்.

ஸ்பீக்கருக்குள் பெரிய காந்தம் இருக்கும். கட்டி முடித்ததும் என் திசைகாட்டியின் முள் குடித்தவனைப் போல அலைந்தது. ரேடார் இருந்தது, இருக்கும் இடத்தைக் காட்டுகிற திரையும் இருந்தது, ஆகவே கிளம்பினோம். கடல் எண்ணெய் ஊற்றினாற்போல அசையாமல் கிடந்தது. காற்றே இல்லை.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. மேற்கிலிருந்து நடந்து வந்து எங்களை மூடியது என்றுதான் சொல்ல வேண்டும். படகின் முன்மூக்கு எனக்குத் தெரியவில்லை. அதுவும் எனக்குப் பழக்கம்தான். ரேடாரைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தேன். அப்போது கால் பக்கத்திலிருந்து கருகல் வாடை வந்தது.

மின்பலகைக்குள் தீ. ஃபெஸ்டி தீயணைப்பானோடு ஓடி வந்து அடித்தான். தீ அணைந்தது, கூடவே ரேடாரும், திரையும், வயர்லெஸ்ஸும், எச்சரிக்கைச் சங்கும் அணைந்தன. டீசல் எஞ்சின் மட்டும் ஓடியது. அது ஓட மின்சாரம் தேவையில்லை, கிளப்புவதற்கு அதற்கென்று தனி பேட்டரி உண்டு.

"அண்ணி," என்றான் ஃபெஸ்டி தாழ்ந்த குரலில். "கிழவி எங்க இருக்கா?"

கிழவி என்பது துறைக்குப் போகிற வழியில் தெற்கே கிடக்கிற இரட்டைப் பாறை. வற்று நீரில் வெளியே தெரியும். கடல் பாதி ஏறியிருக்கும்போது ஒரு முழ ஆழத்தில் ஒளிந்திருக்கும். அப்போது பாதி ஏற்றம். நீரோட்டம் எங்களை அவள் பக்கமாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். நங்கூரம் போடலாம் என்றால் அந்த இடத்தில் அடியெல்லாம் வழுக்குப் பாறை, பிடிக்காது. ஸ்பீக்கர்களைப் பின்னால் நகர்த்தினோம். முள் வேறொரு பக்கம் காட்டியது. முதலில் காட்டியது பொய்யா, இப்போது காட்டுவது பொய்யா என்று யார் சொல்வது? உதவி கேட்கிற தீப்பந்து ஒன்றை மேலே சுட்டோம். கம்பளிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தாற்போல ஒரு நொடி தெரிந்து அணைந்தது.

எல்லோருக்கும் மிதவை அங்கி மாட்டச் சொன்னேன். பிறகு எஞ்சினை நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றான் கிலியன்.

"கேக்கணும். யாரும் பேசாதீங்க."

முப்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். தண்ணீர் படகின் அடியில் நக்குகிற சத்தம். அதற்கப்பால், எங்கோ, பாறையைத் தண்ணீர் உறிஞ்சி விடுகிற சத்தம். பெரிய மிருகம் ஒன்று தூங்கும்போது மூச்சு விடுவதைப் போல. அது எந்தப் பக்கம் என்று புரியவில்லை. எல்லாப் பக்கமும் என்று தோன்றியது.

பிறகு ஒரு அடி. தும். கொஞ்சம் விட்டு இன்னொன்று. தும்.

"எட்டி," என்றான் கிலியன். "எங்க டிரம்மர். காலால மிதிக்கிற டிரம்ம மட்டும் சரி பாக்கறான். மைக் சோதனை."

"மேடைலயா?"

"மேடைலதான். காலைல போன ஸ்பீக்கர்ல வருது."

"எந்தப் பக்கம்?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்லத் திருப்பினான். படகு முழுக்க அவனையே பார்த்தது. கையை நீட்டினான். நேர் முன்னால்.

 மேடை தென்முனையில் இருக்கிறது. நாங்கள் துறைக்குப் போனால் மேடைச் சத்தம் இடப்பக்கம் கேட்க வேண்டும். நேர் முன்னால் கேட்கிறது என்றால் முன்னால் கிழவி வாயைத் திறந்துகொண்டு இருக்கிறாள். எஞ்சினைப் போட்டுச் சுக்கானை வலப்பக்கம் ஒடித்தேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிறுத்தினேன். தும், தும். இப்போது இடப்பக்கம். நல்லது. ஆனால் எவ்வளவு திரும்ப வேண்டும்? அதிகம் திரும்பினால் தீவைத் தாண்டி அட்லாண்டிக்குக்குள் போய்விடுவோம். அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இருக்காது.

"துறைச் சத்தம் ஒண்ணு வேணும்," என்றேன். "ரெண்டு சத்தம் இருந்தா வழி தெரியும்."

"மல்கெரின் சுவர்ல இந்நேரம் ஆள் இருப்பாங்களே," என்றாள் ஹானரா.

கேட்டுப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே டிரம்மும் நின்றுபோனது.

"சாப்பிடப் போயிட்டாங்க," என்றான் கிலியன். தன் குழுவுக்காக அவன்தான் வெட்கப்பட்டான்.

அப்போது வந்த அமைதியை என்னால் சொல்ல முடியாது. பஞ்சுக்குள் புதைத்த மாதிரி. பின்னால் ஒருவர் மெதுவாக ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். ஹானரா தன் பெட்டியைத் திறந்தாள்.

"என்ன செய்றீங்க?" என்றேன்.

"வாசிக்கப் போறேன்."

"யாரு கேக்கப் போறா?"

"அந்தச் சுவர்ப் பக்கம் ஒருத்தன் இருந்தாப் போதும். அவன் காதுல ஒரு மெட்டு விழுந்தா அவனால சும்மா இருக்க முடியாது. அது ஒரு வியாதி." பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். "எடுங்கப்பா. கைய மடியில வெச்சுட்டு முழுகறதுக்கா வந்தீங்க?"

பெட்டிகள் திறந்தன. நாலைந்து ஃபிடில், இரண்டு குழல், ஒரு பேஞ்சோ, ஒரு அக்கார்டியன். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள். ஹானரா காலால் தட்டி ஆரம்பித்தாள். மற்றவர்கள் உள்ளே விழுந்தார்கள். கிலியன் கிட்டாரை எடுத்தான். மின்சாரம் இல்லாமல் அது வெறும் பலகை. ஒரு நிமிடம் அதை வெறித்துவிட்டுக் கீழே வைத்தான். எழுந்து போய் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றின் பக்கவாட்டில் உள்ளங்கையால் அடித்தான். உள்ளே கூடாக இருந்த அந்தப் பெட்டி, மாதாகோவில் கதவைத் தட்டியது போல அதிர்ந்தது. ஹானரா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வேகமா," என்றாள். "பின்னாடி இழுக்காத."

அவர்கள் வாசித்தார்கள். அது எந்த மெட்டு என்று எனக்குத் தெரியாது. விரல்கள் ஈரத்தில் வழுக்கின. ஒரு பெண் வாசித்துக்கொண்டே அழுதாள், வில் நிற்கவில்லை. நீரோட்டம் எங்களை எங்கே கொண்டு போகிறது என்று நான் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று தோன்றியபோது கையைத் தூக்கினேன். மெட்டின் நடுவிலேயே எல்லோரும் நிறுத்தினார்கள்.

தண்ணீர். பாறையின் மூச்சு, முன்பைவிடக் கிட்டத்தில்.

பிறகு, வெகு தூரத்தில், நூல் மாதிரி ஒரு ஃபிடில்.

ஹானரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாம விட்ட இடம்," என்றாள் விரல்களுக்கிடையில். "நாம விட்ட அதே இடத்துலேருந்து எடுக்கறான்."

அந்த ஒற்றை நூலோடு இன்னொன்று சேர்ந்தது. பிறகு ஒரு குழல். பிறகு பலது. வெள்ளைக் குருட்டுச் சுவரின் மறுபக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மனிதர்கள் எங்களுடைய மெட்டை முடித்துவைத்துக்கொண்டிருந்தார்கள்.  வாசலிலேயே நின்றுவிடுகிற பாட்டு அன்றைக்கு வாசலைத் தள்ளிக்கொண்டு வந்தது என்று சொன்னால் அது மிகை. அப்போதும் எனக்கு அது மெட்டாகக் கேட்கவில்லை. ஆனால் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், எங்களுக்குப் பதில் சொல்கிறார்கள் என்பது உடம்பு முழுக்கக் கேட்டது.

"எந்தப் பக்கம்?"

கிலியனும் ஹானராவும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். முன்னால், கொஞ்சம் வலப்பக்கம்.

அதன் பிறகு அப்படியே போனோம். கொஞ்ச தூரம் எஞ்சின், நிறுத்தம், இவர்கள் கொஞ்சம் வாசிப்பார்கள், நான் கை தூக்குவேன், அங்கிருந்து வரும். ஒரு கட்டத்தில் அங்கிருந்து வேறு மெட்டு வந்தது. ஹானராவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாருங்க, மாத்திட்டான். இது கால்வேக்காரங்க மெட்டு, எங்க கிளேர்ல தொட மாட்டோம். நம்மள சீண்டறான்."

"சீண்டட்டும்," என்றேன். "நிறுத்தாம சீண்டினாப் போதும்."

"அப்படி விட முடியாது கேப்டன்," என்று சொல்லிவிட்டு இன்னொன்றை இன்னும் வேகமாக எடுத்தாள்.

பிறகுதான் கஷ்டமான இடம் வந்தது. எஞ்சினை நிறுத்தியபோது சங்கீதம் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே அளவு சத்தம். தீவின் செங்குத்துப் பாறையில் பட்டுத் திரும்புகிறது என்பது தெரிந்தது. எது அசல் என்று தெரியவில்லை. பாறையின் மூச்சு இப்போது மூச்சாக இல்லை, இரைச்சலாக இருந்தது. ஃபெஸ்டி முன்மூக்கில் படுத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுங்க?" என்றேன். 

ஹானரா தலையை ஆட்டினாள். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. எனக்குப் புடிபடல."

கிலியன் முழங்காலிட்டு நெற்றியை விளிம்பில் வைத்துக்கொண்டான். விரலால் தொடையில் தாளம் போட்டான். "இருங்க… ஒண்ணு பிந்தி வருது. அரைத் தட்டு பிந்தி." இன்னும் கொஞ்சம் கேட்டான். "இடப்பக்கம்தான் பிந்துது. வலதுதான் நிஜம்."

"நிச்சயமா?"

"மைதானம் மைதானமா இந்த எதிரொலி பிந்தறதோடதான் மல்லுக்கட்டறேன் கேப்டன். வலது."

வலப்பக்கம் திருப்பினேன். எஞ்சின் இரண்டு மூன்று முறை மூச்சு விட்டிருக்கும், ஃபெஸ்டி கத்தவில்லை, வெறுமனே கையை இடப்பக்கம் நீட்டினான். பனி அங்கே கொஞ்சம் கிழிந்திருந்தது. தண்ணீர் கீழே இறங்கி, கறுப்பு முதுகு ஒன்று பாசி முடி வழிய எழுந்தது. ஒரு துடுப்பை நீட்டினால் தொட்டிருக்கலாம். மறுபடி தண்ணீர் அதன் மேல் வெள்ளையாக மூடியது. கிழவி. முப்பது பேரும் பார்த்தார்கள். அவள் எங்களுக்குப் பின்னால் போனாள்.

துறை வந்தபோது முதலில் தெரிந்தது முழங்கைகள். பனிக்குள் சாம்பல் நிறமாக ஒரு வரிசை முழங்கை, மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பிறகு தொப்பிகள், நனைந்த கோட்டுகள். சுவரைவிட்டு இறங்கித் துறையின் நுனிவரை வந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாராவது கயிறப் புடிங்கப்பா," என்று ஃபெஸ்டி கத்தினான்.

"இந்தச் சுத்து முடியட்டும்," என்றது ஒரு குரல்.

உண்மையிலேயே முடியும்வரை ஒருவரும் அசையவில்லை. ஃபெஸ்டி குதித்து, தானே கயிற்றைக் கட்டினான். கட்டும்போது அவன் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.  சுக்கானைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.

துறையில் வாசித்தவர்களுக்கு எங்கள் ஆபத்து ஒன்றும் தெரியாது. அதுதான் எனக்கு இன்றுவரை வியப்பு. முதலில் பதில் வாசித்த ஃபிடில்காரர் பெயர் கோல்மன். தீவில் ஆடு வளர்ப்பவர். நடந்ததை ஃபெஸ்டி சொன்னபோது அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். வில்லைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் உள்ள சாப்பிடப் போயிட்டாங்க," என்றார். "நான் ஃபிடில எடுக்கத்தான் வெளிய வந்தேன். கடல்லேருந்து பாட்டு வருது. எஞ்சின் சத்தம் இல்ல. ஒண்ணும் இல்ல. வெறும் பாட்டு, அதுக்கு அடியில நெஞ்சு அடிக்கிற மாதிரி ஒண்ணு. மனுசங்க இல்லன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் ஓடல?" என்றேன்.

"ஓடத்தான் திரும்பினேன். பட்டுன்னு பாதியில நின்னுபோச்சு." அவர் ஹானராவைப் பார்த்தார், பிறகு என்னை. "பாதியில நின்ன மெட்ட அப்படியே விட்டுட்டு எப்படிப் போறது? யாரோட மெட்டா இருந்தா என்ன."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. நன்றி என்று சொல்ல வந்தேன். அந்தச் சொல் மிகவும் சின்னதாக இருந்தது. அவர் என் கையை இரண்டு தரம் குலுக்கிவிட்டு விட்டார்.

மதுக்கடைக்குள் எங்களுக்கு சூப்பும் ரொட்டியும் கொடுத்தார்கள். அந்த மெட்டின் பெயர் என்ன என்று கேட்டேன். "நனைந்த தபால்காரர்" என்றாள் ஹானரா. கோல்மன் அதை "மேரியின் மூன்று வாத்து" என்றார். மூலையிலிருந்த ஒருவர் இரண்டும் தப்பு, அதற்குப் பெயரே கிடையாது என்றார். அதன் மேல் ஒரு சண்டை மூண்டு, சூப்பு ஆறும்வரை நடந்தது.

ஸ்பீக்கர்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பனி விலகாமலே கச்சேரி நடந்தது. மேடை விளக்குகள் பனியில் கரைந்து மைதானம் முழுவதும் ஒரு பெரிய நீலச் சுடருக்குள் இருப்பது போல இருந்தது. கிலியன் அந்தப் பெட்டிகளின் முன்னால் நின்று வாசித்தபோது சத்தம் காலடி மண் வழியாக ஏறி விலா எலும்பில் நின்றது. ஆயிரம் பேர் ஒரே உடம்பாகக் குதித்தார்கள். ஹானரா எல்லோருக்கும் பின்னால், வேலிக்குப் பக்கத்தில், இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். ஒரு விரலை எடுத்திருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று அவள் காதோரம் கத்தினேன்.

"பின்னாடி இழுக்கறான்," என்று கத்தினாள். ஆனால் போகவில்லை.

மறுநாள் காலையில் வானம் கழுவினாற்போல இருந்தது. ஃபெஸ்டியும் மல்கெரின் மகனும் மின்பலகையை ஒருவாறு சரிசெய்தார்கள். பயணிகள் வருவதற்கு முன்பு நான் மட்டும் படகை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வற்று நீர். கிழவியின் இரண்டு பாறைகளும் முழுதாக வெளியே நின்றன. மேலே நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. நேற்று கறுப்பு முதுகு தெரிந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். நாங்கள் வந்த வழி, ஒரு பக்கம் அந்தப் பாறை, இன்னொரு பக்கம் எனக்கு இத்தனை வருடமாகத் தெரிந்தே இராத ஒரு கல்முனை. நடுவில் டிராக்டர் நுழைகிற வயல் கேட் அகலத்துக்கு ஒரு இடைவெளி. பகலில், கண்ணைத் திறந்துகொண்டு, நல்ல திசைகாட்டியோடு வந்தாலும் அதற்குள் படகை விட எனக்குத் துணிச்சல் வராது. எஞ்சினை அணைத்துவிட்டு அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.